நீலமேகம் வெளியேறும் வரை காத்திருக்கவும்

“இந்தக் கோப்பு நீலமேகத்தின் பிடியில் உள்ளது. அவர் வெளியேறும் வரை காத்திருக்கவும்.”

திரையில் இந்த வாசகத்தைப் பார்த்தபோது நீலமேகம் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஆங்கிலத்தில்தான் இருந்தது. எந்த மொழியில் இருந்தாலும் இது கொஞ்சம் அதிகம். காசிமேட்டுச் சுடுகாட்டுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போன தோள்களில் ஒன்று என்னுடையது. மற்ற மூன்று பேரும் என்னைவிட ஒரு சாண் உயரம் என்பதால், தூக்கினேன் என்பதைவிடத் தொங்கினேன் என்பதுதான் சரி. ஆக, அவர் வெளியேறிவிட்டார் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் அதைக் கம்ப்யூட்டரிடம் யார் போய்ச் சொல்வது? அதுவும் என் வேலைதான். சம்பளமே அதற்குத்தான்.

என் பெயர் செங்குட்டுவன். வியாசர்பாடியில், வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வைத்து அப்பா எனக்குச் சேர மன்னனின் பெயரைச் சூட்டினார். ஆள்வதற்கு நாடு அமையவில்லை. ராயபுரத்தில், துறைமுக மதிலை ஒட்டியிருக்கும் ஒரு கோல்டு ஸ்டோரேஜில் சில கம்ப்யூட்டர்களும் இரண்டு பிரிண்டர்களும் அமைந்தன. பிரிண்டர்கள் இரண்டும் அடங்காத சிற்றரசர்கள். இன்றுவரை கப்பம் கட்டியதில்லை. இங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. எல்லோருக்கும் நான் ‘சிஸ்டம்’. ‘சிஸ்டம் சாப்ட்டாச்சா?’ என்பார்கள். ‘சிஸ்டத்துக்குப் பேதியாம், இன்னிக்கு லீவு’ என்று ஒருமுறை கரும்பலகையில் எழுதியும் வைத்தார்கள்.

எங்கள் இடத்தில் இறாலை உரித்து, உறைய வைத்து, கப்பலில் ஏற்றுவார்கள். உறைய வைப்பது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது சாது. வெளியே வந்தால் முதலில் கண் எரியும், அப்புறம் மூச்சு அடைக்கும். அதனால் மாடியில் கண்ட்ரோல் ரூம் என்று ஓர் அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர். குளிர் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, காற்றில் அம்மோனியா உண்டா என்று சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு பதிவு ஃபைலில் அது வரி வரியாக எழுதிக்கொண்டே இருக்கும். எழுதிய வரியில் ஏதாவது தப்பாக இருந்தால் சைரன் அடிக்கும்.

இந்தக் கண்காணிப்பு மென்பொருளை விற்றவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை. அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று, யார் உள்ளே நுழைந்து அந்த ஃபைலைத் திறக்கிறாரோ, அவர் பெயரிலேயே அதைப் பூட்டி வைத்துக்கொள்ளும். மற்றவர்கள் எட்டிப் பார்க்கலாம், தொட முடியாது. அவர் லாக் அவுட் செய்தால்தான் பூட்டு திறக்கும். அப்போது பழைய ஃபைல் மூட்டை கட்டி ஓரமாகப் போகும், புதிய ஃபைல் பிறக்கும். இன்னொன்று, எழுத இடம் இல்லையென்றால் சைரனும் அடிக்காது. எழுதப்படாதது நடக்கவே இல்லை என்பது அதைச் செய்தவர்களின் தத்துவம். முன்ஜென்மத்தில் ஏதாவது ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்திருப்பார்கள்.

விதிப்படி, ஷிப்ட் மாறும்போது ஒருவர் லாக் அவுட் செய்து அடுத்தவர் தன் பெயரில் நுழைய வேண்டும். அதற்கு நாலு நிமிடம் பிடிக்கும். அந்த நாலு நிமிடமும் திரை இருட்டாகக் கிடக்கும். மூத்த ஆபரேட்டரான நீலமேகத்துக்கு இது ஆகவே ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிற மாதிரி என்பார். அதனால் அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். நாற்காலி மட்டும் மாறும், பெயர் மாறாது. ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் உட்காருவார். இருக்கையின் சூடு ஆறுவதற்குக்கூட நேரம் இருக்காது. மூன்று ஷிப்டிலும் யார் உட்கார்ந்தாலும் கம்ப்யூட்டருக்கு அவர் நீலமேகம்தான். மாதத்தின் முதல் தேதியன்று மட்டும் கம்ப்ரஸர்களைச் சுற்றி ஆட்களை நிறுத்திவிட்டு, கற்பூரம் ஏற்றுகிறவர் மாதிரி பயபக்தியோடு தன் கையாலேயே லாக் அவுட் செய்து திரும்ப நுழைவார். ஃபைல் புதிதாகும். எனக்கும் ஒரு வேலை குறையும் என்பதால் நான் விதியைப் பற்றிப் பேசவில்லை. சோம்பேறித்தனத்தை நம்பிக்கை என்று பெயர் மாற்றி வைத்துக்கொள்வதில் நான் கைதேர்ந்தவன்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்டை முடித்துவிட்டு நீலமேகம் திருவொற்றியூரில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பினார். கடலோர ரோட்டில் மணல் சறுக்கி பைக் விழுந்தது. பின்னால் வந்த கண்டெய்னர் லாரிக்காரர் பிரேக் போட்டாராம். போட்டார், போட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சாவு வீட்டில் நான் ஒரு காரியம் செய்தேன். கிளம்பும்போது, வாசலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அம்முவிடம் வாய் தவறி, “போய்ட்டு வர்றேம்மா” என்று சொல்லிவிட்டேன். சாவு வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும். பக்கத்தில் நின்ற ஆபரேட்டர் ஃபர்ஹான் என் இடுப்பில் கிள்ளிய தழும்பு ஒரு வாரம் இருந்தது. அம்மு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. எங்கேயோ கேட்ட சொல்லை ஞாபகப்படுத்திக்கொள்கிற மாதிரி பார்த்தாள்.

கம்பெனி தன் கடமையைச் சரியாகச் செய்தது. காரியம் முடிவதற்குள் ஆள் பட்டியலிலிருந்து நீலமேகத்தின் பெயரை எடுத்துவிட்டார்கள். இனி அந்தப் பெயரில் யாரும் உள்ளே நுழைய முடியாது. ஆனால் ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது ஒன்றும் செய்யாது. அந்த மத்தியானம் அவர் வழக்கம்போல லாக் அவுட் செய்யாமல்தான் எழுந்து போயிருந்தார். நாற்காலியில் ஃபர்ஹான் உட்கார்ந்தான். நீலமேகம் தொடர்ந்து டூட்டி பார்த்தார்.

அப்படியே விட்டுவிட்டோம். தண்டையார்பேட்டையிலிருந்து வரும் ஃபர்ஹான் ஆரம்பத்தில் அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் முணுமுணுப்பாக ஏதோ ஓதிவிட்டு உட்காருவான். பிறகு பழகிவிட்டது. தன் பெயர் ஃபர்ஹான் என்பதைத் தனக்கு ஞாபகப்படுத்துவது அம்மா ஒருத்திதான் என்பான்.

ஜூன் மாதத்தில் அடுத்த கூத்து நடந்தது. அப்போதுதான் புதிதாக வந்த ஏற்பாட்டின்படி, மாதா மாதம் அதிக எச்சரிக்கைகளைக் கவனித்துச் சரிசெய்த ஆபரேட்டர் யார் என்று கம்ப்யூட்டரே கணக்குப் பார்த்து ஒரு பாராட்டுப் பத்திரம் அச்சடிக்கும். எங்கள் மேனேஜர் ஜெரி சார் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். அது நோட்டீஸ் போர்டில் ஏறும். அந்த மாதம் சிறந்த ஊழியர் நீலமேகம். அடங்காத பிரிண்டர் அன்றைக்குப் பார்த்து அழகாக, கலரில் அச்சடித்திருந்தது. நான் ஓடிப் போய்க் கிழிப்பதற்குள் ஒருத்தி அதைப் படித்துக்கொண்டு நின்றாள். அம்மு. கேண்டீனில் ஆறுதலாகக் கொடுத்த காண்ட்ராக்ட் வேலையில் அன்றுதான் சேர்ந்திருந்தாள்.

அவள் அழுவாள் என்று பயந்தேன். “உயிரோட கீறப்ப ஒரு துண்டுப் பேப்பர் குடுக்கலியேண்ணா” என்றாள். அவ்வளவுதான்.

எப்படி அந்தப் பெயர் வந்தது என்று கேட்டாள். எனக்கு அடக்கி வாசிக்கத் தெரியாது. பூட்டு, ஃபைல், நாற்காலி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேண்டீனுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் டிவியையும் காட்டித் தொலைத்தேன். கண்ட்ரோல் ரூமில் யார் இருக்கிறார் என்று அதில் எப்போதும் ஓடும். நீலமேகம், பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி, பணியில்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் புள்ளி ஒரு வழக்கம் ஆகிவிட்டது. காலையில் வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் டிவிக்கு எதிரே ஒரு நிமிடம் நிற்பாள். பிறகு புடவையைச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்ற வைப்பாள். மத்தியானம் இரண்டு மணிக்குச் சோற்றுக் கரண்டியோடு ஒருமுறை வெளியே வந்து பார்ப்பாள். முதலில் மணி பார்க்கிறாள் என்று நினைத்தேன். கடிகாரம் அந்தப் பக்கத்துச் சுவரிலேயே இல்லை.

இந்தச் சமயத்தில்தான், அக்டோபர் கடைசியில், இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு மெயில் மேல் மெயில் போட ஆரம்பித்தது. மாதம் ஒருமுறை மூட்டை கட்ட வேண்டிய ஃபைல் எட்டு மாதமாக ஒரே ஃபைலாக வளர்ந்திருந்தது. அதை வெட்டிச் சுருக்கலாம் என்று திறக்கப் போனபோதுதான் அந்த வாசகம். அவர் வெளியேறும் வரை காத்திருக்கவும். காத்திருந்து பார்த்தேன். வெளியேறுவதாகத் தெரியவில்லை.

வழி ஒன்றுதான். என் அதிகாரத்தைப் பயன்படுத்தி, வெளியிலிருந்து நீலமேகத்தை லாக் அவுட் செய்துவிடுவது. இரண்டு முறை சுட்டியை அமுக்கினால் போதும். பூட்டு திறக்கும், ஃபைல் புதிதாகும், ஆபரேட்டர்கள் அவரவர் பெயரில் வேலை பார்ப்பார்கள். என்ன, ஒருமுறை வெளியே போனால் நீலமேகம் திரும்ப நுழைய முடியாது. பச்சைப் புள்ளி அணைந்துவிடும்.

நல்ல தொழில்நுட்ப வல்லுநராக இருந்திருந்தால் அன்றே செய்திருப்பேன். நான் என்ன செய்தேன் என்றால், நீலமேகத்துக்கு இடம் தேடிக் கொடுத்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் ஓரமாக ஒளித்து வைத்திருந்த என் சினிமாக்களை முதலில் அழித்தேன். நெஞ்சு வலித்தது. அப்புறம் ஆண்டு விழா வீடியோக்கள். அப்புறம் ஜெரி சார் பத்திரமாக இருக்கட்டும் என்று கொடுத்து வைத்திருந்த அவருடைய சர்ச் பாடகர் குழுவின் பாட்டுகள். கர்த்தர் மன்னிப்பார், ஜெரி சார் மன்னிக்க மாட்டார். நான் விட்ட இடத்தையெல்லாம் அந்த ஃபைல் தின்றுகொண்டே வந்தது. ஃபர்ஹான் ஒருநாள் என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துவிட்டு, செத்தவருக்கு வாடகையில்லாமல் வீடு பார்க்கிற முதல் ஆள் நீதான் மாமு என்றான்.

நவம்பரில், நல்ல மழை நாள் ஒன்றில், காலை டீ நேரத்துக்குக் கொஞ்சம் பின்னால் ஃபர்ஹான் படியில் குதித்து இறங்கி ஓடி வந்தான்.

“சிஸ்டம், வாசன வருது. சைரன் வர்ல.”

எனக்கும் அப்போதுதான் மூக்கில் ஏறியது. நாறுகிற பாத்ரூமை நூறு மடங்கு ஆக்கின மாதிரி. பின்பக்க அறையில் ஒரு வால்வு கசிந்திருந்தது. ஃபர்ஹான் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினான். நான் வாசல் எது, ஜன்னல் எது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். இறால் உரிக்கும் கூடத்துப் பெண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்து மழையில் நிறுத்திக்கொண்டிருந்தது அம்மு. கேண்டீன் ஜன்னல் அந்தப் பின்பக்க அறையைப் பார்த்துத்தான் திறக்கும். அவள் கண்கள் இரண்டும் வெந்த இறால் நிறத்தில் சிவந்து, தாரை தாரையாக நீர் வழிந்தது. இருமி இருமிக் குனிந்து, நிமிர்ந்து, மறுபடியும் கூடத்துக்குள் போனாள்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு பேருக்குக் கண்ணில் மருந்து விட்டார்கள். மழை காற்றைக் கழுவிவிட்டது.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பதிவின் கடைசி வரி அன்று விடிகாலையில் எழுதப்பட்டது. அதற்கு மேல் எழுத இடமில்லை. அதனால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அம்மோனியா கசியவே இல்லை. நாங்கள் எல்லோரும் சும்மா மழையில் நனைந்தோம். நான் சினிமா அழித்துச் சேர்த்த கருணை, அம்முவின் கண்ணில்தான் போய் எரிந்திருந்தது.

மிச்சமிருந்தது என் மகளின் பிறந்தநாள் போட்டோக்கள். இன்னொரு இடத்தில் பிரதி இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். அழித்தேன். எழுத்து மறுபடி ஓட ஆரம்பித்தது. மாலை வரைக்கும் தாங்கும்.

ஜெரி சார் கூப்பிட்டு விட்டார். கத்துவார் என்று போனேன். அவர் ஜன்னல் வழியாகக் கேண்டீன் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் இத்தனை நாள் தள்ளிப்போட்டாய் என்று கேட்கவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கிறது. “இன்னிக்கே முடிச்சிடு மேன்” என்றார். பிறகு திரும்பாமலே, “அந்தப் பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு அந்த தைரியம் இல்ல” என்றார்.

எனக்கு இருக்கிறது என்று அவருக்கு யார் சொன்னது என்று தெரியவில்லை.

கேண்டீனில் அம்மு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காலையில் அம்மோனியா, இப்போது வெங்காயம். இந்தக் கண்களிடம் போய் நான் மூன்றாவதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்து, டீ கேட்டு, டீ நல்லா இருக்கு என்று சொல்லி, மழையைப் பற்றிச் சொல்லி, கடைசியில் விஷயத்தைச் சொன்னேன். ஏன் சைரன் அடிக்கவில்லை, யாருடைய பூட்டு, அதை எப்படித் திறக்க வேண்டும் என்பதையெல்லாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரையே பார்த்தேன்.

அவள் வெங்காயத்தை நிறுத்தவில்லை.

“இன்னிக்கா?”

“இன்னிக்குத்தாம்மா.”

வெங்காயத்தின் மேல் கத்தி வேகம் பிடித்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு யோசனை வைத்திருந்தேன். அந்த டிவியில் அவர் பெயரையும் ஒரு பச்சைப் புள்ளியையும் நான் தனியாகப் போட்டு வைக்க முடியும், எதனோடும் இணைக்காமல், சும்மா, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கும் என்றேன். அரை மணி நேர வேலை என்றும் சொன்னேன்.

அம்மு கத்தியைக் கீழே வைத்தாள்.

“நான் லூசு இல்லண்ணா. அந்த சீட்ல ஃபர்ஹான் தம்பி ஒக்காந்துகினு கீதுன்னு எனக்குத் தெரியாதா? தெனம் நான்தான அதுக்கு டீ குடுத்து அனுப்பறேன். ஆனா அது அவுரு வுட்டுட்டுப் போனது. அவுரு கையால தெறந்து வச்சது. இன்னும் மூடல, அவ்ளோதான். நீ புச்சா ஒண்ணு மாட்டுனா அது பொம்ம.”

நான் டம்ளரைப் பார்த்தேன்.

“வூட்ல ஒண்ணும் இல்லண்ணா. சட்ட, செருப்பு, எல்லாத்தயும் அவுங்க ஆளுங்க காரியத்தன்னிக்கே ஆத்துல வுட்டாங்க, ஆளுக்கு ஒண்ணு குடுத்தாங்க. செஞ்சது தப்புன்னு சொல்லல.” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சா போன் பண்ணுவாரு. ‘கெளம்பிட்டேன், சோறு வடி’ன்னு. ‘பாத்து வா’ன்னு நான் வச்சிருவேன். வேற ஒரு பேச்சும் கெடையாது. அன்னிக்கு போன் வர்ல. மறந்துட்டாரோ, சார்ஜ் இல்லியோ. நான் சோறு வடிக்கல. அவுரு இன்னும் கெளம்பலன்னு ஒக்காந்துகினு கீறேன், அவுங்க வந்து சொல்றாங்கோ.”

இரண்டு மணிக்கு அவள் ஏன் கரண்டியோடு வெளியே வருகிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஐந்து மாதமாக அவள் அந்தப் புள்ளியில் பார்த்துக்கொண்டிருந்தது, அவர் இருக்கிறார் என்பதை அல்ல. இன்னும் கிளம்பவில்லை என்பதை.

ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தேன்.

“அத மூடுனா அந்தப் பொட்டி இன்னாண்ணா எழுதும்?” என்று கேட்டாள்.

நீலமேகம் வெளியேறினார் என்று ஒரு வரி எழுதும், பக்கத்தில் மணி போடும் என்றேன்.

“எப்ப மூடறியோ அந்த மணியா?”

“ஆமா.”

டிவியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வெங்காயத்தை ஒரு கிண்ணத்தில் வழித்துப் போட்டாள். “அப்ப ரெண்டு மணிக்கு மூடுண்ணா. ஷிப்ட் நடுவுல அவுரு எப்பவும் எழுந்துகினு போனது கெடையாது.” எழுந்து நின்றாள். “நானும் வர்றேன்.”

மாலை வரை தாங்கும் என்று நான் போட்ட கணக்கு வழக்கம்போலத் தப்பு. ஒரு மணிக்கே இடம் மறுபடி தீர்கிற நிலைக்கு வந்துவிட்டது, இரண்டு மணியைத் தொட்டால் அதிர்ஷ்டம். ஜெரி சாரிடம் போய், இரண்டு மணிக்குச் செய்கிறேன், அதுவரை பின்பக்க அறையில் ஆள் நின்று மூக்கால் காவல் காக்கட்டும் என்றேன். ஏன் இரண்டு மணி என்று அவர் கேட்கவில்லை. ஈரத்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு அவரே போய் அந்த வால்வு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவருடைய பாட்டுகள் அழிந்துபோனதை நான் இன்றுவரை சொல்லவில்லை.

அம்மு மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கையை நன்றாகக் கழுவியிருந்தாள். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வாசலில் நின்றாள். ஃபர்ஹான் நாற்காலியிலிருந்து எழுந்து, “ஒக்காருக்கா” என்றான். அவள் உட்காரவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் நுரை பிய்ந்துபோன இடத்தில் யாரோ நீல டேப் சுற்றியிருந்தார்கள். யாரோ என்ன, நீலமேகம்தான். பைக் ஹாண்டிலிலும் அதே டேப்பைத்தான் சுற்றியிருந்தார். அவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

வெளியே மழை விட்டிருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஒன்று எதையோ தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது.

நான் சுட்டியை நகர்த்தி அந்தக் கட்டத்தைத் திறந்தேன். ‘நீலமேகத்தை வெளியேற்றவா?’ ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். எது என்ன என்று அவளுக்குச் சொன்னேன். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டைத் தொடும்வரை மூன்று பேரும் நின்றோம்.

இரண்டு மணி ஆனது.

அம்மு திரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் குனிந்தாள். போனில் பேசுகிறவள் குரல். சத்தமே இல்லை.

“செரி. கெளம்பு. பாத்துப் போ.”

போனில் அமுக்குகிற மாதிரி, கண்ணாடித் திரையில் ‘ஆம்’ என்ற இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். அது தொட்டால் வேலை செய்கிற திரை இல்லை. பழைய சாமான். என் கை சுட்டியின் மேல் இருந்தது. அவள் விரல் பட்ட அதே நேரம் நான் அமுக்கினேன். ஃபர்ஹான் என் கையைப் பார்த்தான், பிறகு ஜன்னலைப் பார்த்தான். அவன் இதைப் பற்றி என்னிடம் ஒருபோதும் பேசியதில்லை.

திரை இருட்டானது.

அந்த நாலு நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிற மாதிரி. கீழே கம்ப்ரஸர்கள் ஓடுகிற அதிர்வு மட்டும் தரை வழியாகக் காலில் ஏறிக்கொண்டிருந்தது. இருண்ட திரையில் எங்கள் மூன்று பேருடைய நிழலும் தெரிந்தது. நடுவில் அந்த வெறும் நாற்காலி. அம்மு அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுதாள். சத்தம் போடாமல், தோள் மட்டும் குலுங்கியது. ஃபர்ஹான் தலையைக் குனிந்துகொண்டான், அவன் உதடுகள் அசைந்தன. நான் என்ன செய்வது என்று தெரியாமல், வேலை செய்யாத பிரிண்டரில் பேப்பரைச் சரியாக அடுக்கினேன்.

திரை திரும்ப வந்தது. அடுத்த ஷிப்ட் ஆள் இன்னும் வந்து சேராததால் ஃபர்ஹானே உட்கார்ந்து, வெகு காலத்துக்குப் பிறகு தன் பெயரை அடித்து உள்ளே போனான். பாஸ்வேர்டை மறந்துபோய் இரண்டு தடவை தப்பாக அடித்தான். புது ஃபைல் திறந்தது. பழையதன் கடைசி வரியைக் காட்டச் சொன்னாள் அம்மு. காட்டினேன், படித்துச் சொன்னேன். பதினான்கு மணி, நீலமேகம் வெளியேறினார்.

“வேற இன்னாவாச்சும் எழுதிகீதா?”

“இல்லம்மா.”

“அவுரும் அவ்ளோதான் பேசுவாரு” என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சோறு குழைந்துவிடும் என்று சொல்லிப் படியிறங்கிப் போனாள்.

சாயங்காலம் டீ குடிக்கக் கேண்டீனுக்குப் போனேன். எதிர்ச் சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஃபர்ஹான் வீட்டுக்குப் போயிருந்தான். அடுத்த ஷிப்டின் அருள்நாதன் பணியில் இருப்பதாக அது சொன்னது. பச்சைப் புள்ளி அதே பச்சைதான். அம்மு அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு டீயை அவ்வளவு நேரம் குடிக்க முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். இந்த முறையாவது ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்று தீர்மானமாக இருந்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், சத்தமில்லாமல் வாசலை நோக்கி நடந்தேன்.

“இன்னாண்ணா” என்றாள் பின்னாலிருந்து. குழாயை நிறுத்தவில்லை. “சொல்லாம போறே? சாவு வூடா இது?”

நின்றேன். இடுப்பில் கிள்ளுவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

“வர்றேம்மா” என்றேன்.

“வா” என்றாள். “பாத்துப் போ, ரோடெல்லாம் மணல்.”